இரத்தத்தைக் கடக்க வேண்டிய வைரஸ்: மைலோமா ஆய்வேடுகளின் முன்னுள்ள கேள்வி

மரபணு மாற்றிய வைரஸால் இரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்த முயலும் முனைவர் பட்ட ஆய்வுகளில், எந்த வைரஸ் புற்றணுக்களை நன்றாகக் கொல்கிறது என்ற கேள்வி முதலில் எழுகிறது. ஆய்வுக்கூடத் தட்டில் அதற்கு விடை கிடைத்து நாளாகிவிட்டது. நாளத்தில் ஏற்றிய வைரஸ் அழியாமல் எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேருமா என்பதுதான் இன்னும் தீராதது. ஆய்வேடுகள் இதையே மையமாகக் கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்காக 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி-வெக் என்ற ஹெர்பிஸ் வைரஸைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்திவிடலாம். இரத்தப் புற்றுநோய்களுள் ஒன்றான மைலோமாவில் அதற்கு வழியில்லை. நோய் மஜ்ஜையெங்கும் விரவியிருப்பதால் மருந்து இரத்தத்தின் வழியாகவே போக வேண்டும். அங்கே பழைய தொற்றும் தடுப்பூசியும் விட்டுச்சென்ற எதிர்ப்பான்கள் காவல் நிற்கின்றன.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஸ்டீபன் ரஸ்ஸல் குழுவினர் 2014இல் வெளியிட்ட முடிவை இந்தக் கோணத்தில் மறுபடி படிக்கலாம். தட்டம்மைத் தடுப்பூசி வைரஸில் சோடியம் அயோடைடு கடத்திப் புரதத்தின் மரபணுவை அவர்கள் சேர்த்திருந்தனர். இந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் சிடி46 என்ற ஏற்பி மைலோமா செல்களில் மிகுந்திருக்கும். தொற்றிய செல், தைராய்டைப் போல அயோடினை உறிஞ்சும். கதிரியக்க அயோடின் கொடுத்துப் படமெடுத்தால் வைரஸ் பெருகும் இடங்கள் துலங்கும். 49 வயதுப் பெண் ஒருவருக்கு ஒரே தவணையில் 10,000 கோடி தொற்று அலகுகள் ஏற்றப்பட்டன. ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குத் தடுப்பூசி போடப் போதுமான அளவு என்றார்கள். கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. நெற்றியிலிருந்த கட்டி கரைந்தது, மஜ்ஜையிலும் நோய் மறைந்தது. ஒன்பது மாதங்களுக்குப் பின் ஓரிடத்தில் மட்டும் நோய் திரும்பியது.

செய்தித்தாள்கள் அந்தப் பிரம்மாண்டமான அளவைத்தான் பேசின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்தப் பெண்ணின் இரத்தத்தில் தட்டம்மை எதிர்ப்பான் அநேகமாக இல்லை. மைலோமா, எதிர்ப்பான்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களின் புற்றுநோய். நோயும் அதற்கான மருந்துகளும் சேர்ந்து நல்ல எதிர்ப்பான்களைக் குறைத்துவிடும். வைரஸுக்கு அது திறந்த கதவு. 1971இல் லான்செட் இதழில் பதிவான உகாண்டாச் சிறுவனும் அப்படியே. தட்டம்மை கண்டபின் அவனது பர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் மறைந்தது. தட்டம்மை அவனுக்கு வந்ததே அதுவரை எதிர்ப்பாற்றல் இல்லாததால்தான். ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. எதிர்ப்பான் இல்லாதவர் என்றே தேர்ந்தெடுக்கப்பட்ட இன்னொரு மைலோமா நோயாளிக்கு அத்தகைய பலன் கிடைக்கவில்லை.

எலி ஆய்வுகள் இந்தத் தடையை மறைத்துவிடுகின்றன. நோயெதிர்ப்புக் குன்றிய எலியில் மனிதக் கட்டியை வளர்த்து வைரஸ் செலுத்தினால் கட்டி சுருங்கும். வரைபடமும் அழகாக வரும். அந்த எலியின் இரத்தத்தில் வைரஸைத் தடுக்கும் எதிர்ப்பான் கிடையாது என்பதை ஆய்வேட்டின் கடைசி இயலில் ஒரு வரியில் கடந்துவிடலாகாது. மேயோ ஆய்வாளர்கள் 2021இல் இதற்கு வழி காட்டினர். தட்டம்மை வைரஸின் மேலுறைப் புரதங்களை நீக்கி, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸின் புரதங்களைப் பொருத்தி, சிடி46ஐத் தேடிச் செல்லுமாறு திருத்தினர். பிறகு தட்டம்மை எதிர்ப்பான் கொண்ட சீரத்தை எலிகளுக்கு முன்கூட்டியே ஏற்றிச் சோதித்தனர். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும்போதே ஆய்வுத் திட்டத்தில் இருக்க வேண்டிய சோதனை இது.

எதிர்ப்பானுக்குத் தப்பும் வைரஸை யார் கட்டுப்படுத்துவது என்று தேர்வாளர் கேட்பது நியாயம். கடிவாளம் மரபணுத்தொகுதிக்குள் இருக்க வேண்டும். காக்ஸாக்கி ஏ21 வைரஸ் எலிகளின் மைலோமாக் கட்டிகளை அழித்தது, கூடவே தசைகளைத் தாக்கி எலிகளை முடக்கியது. 2008இல் வெளியான ஆய்வில், தசைக்கே உரிய மைக்ரோ ஆர்என்ஏக்கள் ஒட்டிக்கொள்ளும் வரிசைகளை அதன் மரபணுத்தொகுதியில் செருகினார்கள். தசைக்குள் வைரஸ் ஒடுங்கியது. கட்டியை அழிக்கும் திறன் குறையவில்லை.

நோயாளியின் டி செல்களையே புற்றுநோயைத் தாக்குமாறு மாற்றும் கார்-டி சிகிச்சை வந்தபின் இந்த உழைப்பு எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் 2023இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சையிலும் மரபணுவைச் சுமப்பது மாற்றியமைத்த லென்டிவைரஸ்தான். ஆனால் டி செல்களை வெளியே எடுத்து அங்கேயே மாற்றுவதால் அந்த வைரஸ் நோயாளியின் இரத்தத்தைச் சந்திப்பதே இல்லை. செலவும் காத்திருப்பும் மிகுந்த இந்த முறையைச் சுருக்க, லென்டிவைரஸை நேராக நாளத்தில் செலுத்தி உடலுக்குள்ளேயே கார்-டி செல்களை உருவாக்கும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன. வழக்கமான மேலுறை கொண்ட லென்டிவைரஸை மனிதச் சீரத்திலுள்ள நிரப்புப் புரதங்கள் செயலிழக்கச் செய்துவிடும். மைலோமாவில் எழுந்த அதே கேள்விக்கு இம்முயற்சிகளில் இறங்கியவர்களும் விடை தேடியாக வேண்டும்.