மெனொபோஸ்: ஒரு சொல்லும் என் கணக்குப் பிழையும்

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்த 1960களில், எங்கள் கன்னியாஸ்திரி டீச்சர் உயிரியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிட்டார். அந்தப் பக்கத்தில்தான் 'மெனொபோஸ்' என்ற சொல்லை முதலில் பார்த்தேன். அம்மாவைக் கேட்டேன், பதில் இல்லை. ஆயாதான் சொன்னார்: "மாசா மாசம் போறது நின்னுடும். அப்புறம் கெட்ட ரத்தம் தலைக்கு ஏறும். அதான் சில பொம்பளைங்க சும்மா சும்மா கத்துறாளுங்க."

பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, ஆயா சொன்னதைத்தான் ஒரு காலத்தில் பாரீஸ் டாக்டர்களும் நம்பினார்கள் என்று.

அந்தச் சொல்லை உண்டாக்கியவர் ஒரு பிரெஞ்சு மருத்துவர், ஷார்ல் த கார்தான். மாதம், நிற்றல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார். 1821இல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார். அதற்கு முன் பிரெஞ்சில் இதற்கு 'லாஜ் கிரிதிக்' என்று பெயர், அதாவது ஆபத்தான வயது. வெளியேறாத ரத்தம் உள்ளே தங்கிக் கெடுதல் செய்கிறது என்று நினைத்து, அட்டை விட்டும் நரம்பை வெட்டியும் ரத்தம் எடுத்தார்கள்.

உண்மைக் காரணம் தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1929இல் ஜெர்மனியில் பூட்டெனான்ட், அமெரிக்காவில் டாய்ஸி, இருவரும் தனித்தனியே பெண் ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதுதான் விஷயம். மூளையில் உடம்புச் சூட்டைக் காவல் காக்கும் ஓர் இடம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அந்தக் காவலாளி பதறிப்போகிறான். சிறு சூடும் பெருஞ்சூடாகத் தெரிய, உடனே வேர்வையை ஏவுகிறான். குப்பென்று முகம் சிவந்து வேர்ப்பது இதனால்தான்.

1942இல் அமெரிக்காவில் 'பிரெமரின்' மாத்திரை விற்பனைக்கு வந்தது. சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஹார்மோன் அது. 1966இல் நியூயார்க் டாக்டர் ராபர்ட் வில்சன் ஒரு புத்தகம் எழுதினார். மாதவிலக்கு நிற்பது ஒரு குறைபாட்டு நோய், மாத்திரை போட்டால் என்றும் இளமை என்றார். ஆபத்தான வயது இப்போது வியாதியாகிவிட்டது. விற்பனை ஏறியது. 1975இல் அடி விழுந்தது: ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் கூடுவதை ஆய்வுகள் காட்டின. அதன்பின், கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டின் என்ற இரண்டாவது ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இந்த வரலாறு என் வீட்டுக்குள் வந்தது 2001இல். எனக்கு 49 வயது, அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வேர்வை சொட்டிப் பைல் நனையும். ராத்திரி மூன்று முறை ரவிக்கை மாற்றுவேன். டாக்டர் இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார். மூன்று வாரத்தில் தூக்கம் வந்தது. என் தங்கைக்கு முன்பே, 42 வயதில், கர்ப்பப்பையும் சினைப்பையும் எடுத்துவிட்டதால் அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை மட்டும்.

2002 ஜூலையில் பேப்பரில் செய்தி. அமெரிக்க அரசு நடத்திய பெரிய ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறதாம். அன்றே மாத்திரையைக் குப்பையில் போட்டேன். தங்கைக்குப் போன் செய்து, "நீயும் தூக்கிப் போடுடி" என்றேன். அக்கா சொல்லைத் தட்டாதவள், போட்டுவிட்டாள்.

முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவள் நான். எந்தப் பில்லிலும் சதவீதத்தைப் பார்த்தால் 'எத்தனையில் எத்தனை' என்று கேட்பேன். அன்று கேட்கவில்லை. பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் ஆய்வு அது. மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு அந்தப் புற்றுநோய், சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. கூடுதல் 8 பேர். மாரடைப்பும் பக்கவாதமும்கூடச் சற்றுக் கூடின, இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, எனக்கு 50. அது இரண்டு ஹார்மோனும் சாப்பிட்டவர்களின் கணக்கு. ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களின் ஆய்வு தனி. அதை 2004இல் நிறுத்தியபோது மார்பகப் புற்றுநோய் கூடியிருக்கவில்லை. என் தங்கைக்கும் நான் படித்த செய்திக்கும் சம்பந்தமே இல்லை.

நான் நான்கு வருஷம் தூக்கமில்லாமல் கழித்தேன். தங்கை 58 வயதில் வாசற்படியில் லேசாகச் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள், எலும்பு தேய்ந்திருந்தது. மாத்திரையை விட்டதால்தான் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் சிறு வயதில் சினைப்பை எடுத்தவர்கள், இயற்கையாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் எடுப்பது எலும்புக்கு நல்லது என்று இன்று டாக்டர்கள் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இன்றைய மருத்துவம் இரண்டு பக்கக் கூச்சலையும் விட்டு நடுவில் நிற்கிறது. 60 வயதுக்குள், அல்லது நின்று பத்தாண்டுக்குள், தொல்லை அதிகமிருந்தால் ஹார்மோன் பலருக்கு நன்மையே. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு வந்தவர்களுக்குப் பொதுவாகக் கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் உண்டு. நம் வயதுக்காரிகளுக்கு வரும் வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு, இவற்றுக்கு அந்த இடத்தில் தடவும் களிம்பே பெரும்பாலும் போதும், டாக்டரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். ஓராண்டு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும்.

போன மாதம் 47 வயது மருமகள் நடுராத்திரியில் முற்றத்தில் வந்து நின்றாள். என்னம்மா என்றேன். "ஒண்ணுமில்ல அத்தை, புழுக்கம்" என்றாள். மார்கழி மாதம் அது. பக்கத்தில் உட்காரவைத்து, ஆயா சொன்னதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் இருவருமாக டாக்டரைப் பார்த்தோம். என்ன சாப்பிடுவது என்று அவளும் டாக்டரும் முடிவு செய்யட்டும். நான் வாய் திறக்கவில்லை, தங்கைக்குச் சொன்ன யோசனை ஒன்றே போதும்.