வாய்க்கூரையில் பிறந்த சுரப்பி

நாக்கின் நுனியால் மேலண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள். அதற்கு வெகு மேலே, மூளையின் அடிப்புறத்தில், பட்டாணி அளவில் தொங்குகிறது பிட்யூட்டரி சுரப்பி. உடல் வளர்ச்சியையும் தைராய்டு, அட்ரீனல் போன்ற பிற சுரப்பிகளையும் ஆட்டிவைப்பது இதுவே. இந்தச் சுரப்பி எங்கிருந்து வந்தது தெரியுமா?

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன், மூளையின் கழிவு இதன் வழியே சளியாக மூக்கில் வடிகிறது என்றார். 'பிட்யூட்டா' என்ற லத்தீன் சொல்லுக்குச் சளி என்பதே பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஷ்னைடர் என்னும் ஜெர்மானியர், அப்படியொரு வழியே இல்லை எனக் காட்டினார். கருத்து மறைந்தது, பெயர் நிலைத்துவிட்டது.

1838இல், கோனிக்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் ராத்கே ஒரு விந்தையை விவரித்தார். விலங்குகளின் கருவில் வாயின் கூரை மேல்நோக்கிக் குழிந்து ஒரு பையாகிறது. இன்றும் அதற்கு 'ராத்கே பை' என்றே பெயர். மனிதக் கருவில் இது ஏறத்தாழ நான்காவது வாரத்தில் தோன்றும். மூளையிலிருந்து ஒரு முளை கீழிறங்கி இதைச் சந்திக்கும். பின்னர் பைக்கும் வாய்க்குமுள்ள தொடர்பு அறுந்துவிடும். பை சுரப்பியின் முன்பகுதியாகவும், மூளையின் முளை பின்பகுதியாகவும் வளர்கின்றன.

பையிலுள்ள முன்னோடிச் செல்கள், பல வகையாக மாறும் திறன் படைத்தவை. பக்கத்திலுள்ள மூளைத் திசு வெளியிடும் புரதங்கள் அவற்றைப் பெருகச் செய்து வழிநடத்துகின்றன. பிறகு செல்லுக்குள்ளேயே சில புரதங்கள் குறிப்பிட்ட மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. 'பிட்-1' என்ற புரதம் இயங்கும் செல்கள் வளர்ச்சி ஹார்மோன், பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் ஆகியவற்றுள் ஒன்றைச் சுரக்கும் செல்களாகின்றன. 'டி-பிட்' இயங்கினாலோ, அட்ரீனலைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கும் செல் உருவாகும். பிட்-1 பழுதுபட்டால் அந்த மூன்று ஹார்மோன்களும் குறைந்து, குழந்தையின் வளர்ச்சி குன்றிவிடும்.

2011இல், ஜப்பானின் கோபே நகரிலுள்ள ரிக்கென் ஆய்வு நிலையத்தில் சுகா, சசாய் குழுவினர் சுண்டெலியின் கருக் குருத்துச் செல்களைத் திரளாக வளர்த்தனர். வாய்த்திசுவும் மூளைத்திசுவும் அருகருகே உருவாயின. ராத்கே பை தானாகவே குழிந்தது! அதில் விளைந்த செல்களைப் பிட்யூட்டரி நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குள் பொருத்தியபோது, அட்ரீனல் சுரப்பி மீண்டும் வேலை செய்தது.

பிட்யூட்டரி பழுதுபட்டவர்கள் பலர் இன்று வாழ்நாள் முழுதும் ஹார்மோன் மருந்தை நம்பியிருக்கிறார்கள். உடலின் தேவை மணிக்கு மணி மாறும். மாத்திரைக்கு அது தெரியாது. உயிருள்ள செல்லுக்குத் தெரியும். ராத்கே கண்ட அந்தச் சிறு குழிவை விஞ்ஞானிகள் இன்று கண்ணாடிக் கலத்தில் மீண்டும் உருவாக்க முயல்வது அதனால்தான்.