வாரிங்டன் வீட்டுத் தண்ணீர்

கடந்த ஆண்டு நான் வாங்கிய இரண்டடித் தொட்டியில் முதல் எட்டு நாள் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் நாள் காலையில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நாளுக்குள் பத்தில் ஏழு போய்விட்டன. எல்லாம் ஹார்லிக்வின் ரஸ்போரா. செம்பு நிற உடம்பில் கறுப்பு முக்கோணம் போட்ட, இந்த மண்ணுக்கே உரிய சின்ன மீன்.

நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மீன் செத்ததும் தண்ணீரை முழுக்கக் கொட்டினேன். கல்லைக் கழுவினேன். ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, பால்போல வெள்ளையாகும்வரை பிழிந்தேன். குளோரின் போக்கும் மருந்தை அளந்து ஊற்றினேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. மறுநாள் இன்னும் இரண்டு செத்தன.

அப்பாவுக்கு போன் செய்தபோது, "அந்தத் தண்ணிய ஏம்மா நோண்டிக்கிட்டே இருக்க? சும்மா விடேன்" என்றார். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் அவர் சிமென்ட் தொட்டி ஒன்றில் கப்பி மீன் வளர்த்தவர். ஃபில்டர் கிடையாது, மருந்து கிடையாது. தண்ணீர் கீரைச்சாறு மாதிரி பச்சையாக இருக்கும். மீன் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். (அதிலும் மீன் செத்திருக்கும். அப்பா எங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.)

மீன் கடை அங்கிள் அப்பா சொன்னதையே வேறு வார்த்தையில் சொன்னார். "டேங்க் இன்னும் மாத்தாங் ஆகல லா. ஒரு மாசம் விடு." காய் பழுக்கிற மாதிரி தண்ணீரும் பழுக்க வேண்டுமா? அது எப்படி என்று தேடிப்போனபோதுதான் ஒரு அப்பாவும் மகனும் எனக்குக் கிடைத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர்: ராபர்ட் வாரிங்டன்.

அப்பா வாரிங்டன் லண்டனில் மருந்து வணிகர்களின் சங்கக் கட்டடமான அப்போதிகரிஸ் ஹாலில் வேலை பார்த்த வேதியியலாளர். 1849இல் பன்னிரண்டு கேலன் கொள்ளும் தொட்டி ஒன்றில் மணலும் கல்லும் போட்டு, வாலிஸ்நேரியா என்ற நாடாப்புல்லை நட்டு, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். பன்னிரண்டு கேலன் என்பது ஏறக்குறைய 54 லிட்டர். என் தொட்டியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அந்தக் காலத்தில் மீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து நாள்தோறும் தண்ணீர் மாற்றுவதுதான் வழக்கம். மாற்றாமலே இருக்க முடியுமா என்பதுதான் வாரிங்டனின் கேள்வி. செடி வெளிவிடும் ஆக்ஸிஜனை மீன் எடுத்துக்கொள்ளும், மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், கணக்கு சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார்.

கணக்கு சரியாகவில்லை. செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சைப்பாசி படர்ந்தது. அந்த இடத்தில் அவர் என்னைப்போலக் கொட்டிக் கழுவவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகலைத் தின்றது. நத்தை இட்ட முட்டையை மீன் தின்றது. தண்ணீர் தெளிந்தது. 1850இல் இதை அவர் வேதியியல் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தார். வீட்டுக்குள் மீன்தொட்டி வைக்கும் பழக்கத்தின் ஆரம்பம் என்று பலரும் காட்டுவது இந்தக் கட்டுரையைத்தான்.

பிறகு நடந்தது ஒரு பைத்தியம். 1853இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன் வீடு திறந்தார்கள். அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் 'தி அக்வேரியம்' என்ற நூலை எழுதினார், அந்தச் சொல் நிலைத்தது. நடுத்தரக் குடும்பங்கள் கூடையும் ஜாடியுமாகக் கடற்கரைக்குப் போய்ப் பாறைக்குட்டைகளைச் சுரண்டி எடுத்தன. கோஸின் மகன் எட்மண்ட் பின்னாளில் எழுதிய தன் வாழ்க்கை நூலில், அப்பாவின் புத்தகங்களே அந்தக் கரையைக் காலியாக்கின என்று வருந்துகிறார். மீன்தொட்டியின் வரலாற்றில் இந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டும். என் ஏழு மீன்களும் அதே பக்கத்தில்தான் வருகின்றன.

இந்த ஹார்லிக்வினுக்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் கெயோர்க் டுங்கர் என்ற ஜெர்மானியர். மலாய் தீபகற்பத்து மீன்களைப் பற்றி 1904இல் ஹாம்பர்க்கில் வெளியான அவருடைய ஆய்வில் அது வருகிறது. கரி மண் சதுப்புக் காடுகளில், தேநீர் நிறத்தில் ஓடும் அமிலத் தண்ணீரில் வாழும் மீன். அது ஐரோப்பாவுக்குப் போனபோது தொட்டிக்கு அடியில் விளக்கு ஏற்றித் தண்ணீரைச் சூடாக்க வேண்டிய குளிர் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. 'வெப்பமண்டல மீன்' என்ற பெயரே அந்தக் குளிரில் பிறந்த பெயர். சிலாங்கூரில் அது வெறும் மீன். எனக்கு ஹீட்டர் தேவைப்படவில்லை. பிறந்த மண்ணிலேயே, பிறந்த சூட்டிலேயே அதைக் கொன்றவள் நான்.

சரி, மகனுக்கு வருவோம். அப்பா தொட்டியில் செடி நட்டபோது மகனுக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். அப்பாவின் ஆய்வுக்கூடத்திலேயே வேதியியல் கற்று, பிறகு ரோத்தம்ஸ்டட் விவசாய ஆய்வு நிலையத்துக்குப் போனார். அங்கே அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி உரத்தைப் பற்றியது: மண்ணில் போடும் அம்மோனியா எப்படி நைட்ரேட்டாக மாறுகிறது?

1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் ஒரு நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி அதன் வழியே சாக்கடைத் தண்ணீரை மெதுவாக விட்டார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம் நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளே வந்திருக்க வேண்டும். குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே விட்டார்கள், நின்றுவிட்டது. ஆக, உள்ளே இருப்பது உயிர். அது பெருகத்தான் இருபது நாள் பிடித்திருக்கிறது.

இதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்தக் குழாய் ஒரு ஃபில்டர். மீன் கடை அங்கிளின் 'ஒரு மாசம்' அந்த இருபது நாளின் உறவு. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும், மிஞ்சிய தீனியும் அழுகி அதையே தரும். ஸ்பாஞ்சிலும் கல்லிலும் அந்த உயிர்கள் குடியேறும்வரை அம்மோனியா ஏறிக்கொண்டே போகும். நான் குழாயடியில் பிழிந்தது அழுக்கை அல்ல. அப்போதுதான் குடியேறத் தொடங்கியிருந்தவர்களைக் குளோரின் தண்ணீரில் கழுவிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சதுப்புக் காட்டின் அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம் வடிவத்தில் இருக்கும். குழாய்த் தண்ணீரின் காரத்தில், நம் ஊர்ச் சூட்டில், அதன் நச்சு வடிவம் கூடும். காட்டில் தப்பித்திருக்கக்கூடிய மீன் என் வரவேற்பறையில் தப்பவில்லை.

மகன் வாரிங்டன் 1878 முதல் பத்தாண்டுக்கு மேல் இதோடு மல்லுக்கட்டினார். இது ஒரே வேலை இல்லை, இரண்டு கட்டம் என்று காட்டினார்: அம்மோனியாவை நைட்ரைட் ஆக்க ஓர் உயிர், நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க வேறோர் உயிர். நடுவில் வரும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம்தான், இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சை அடைக்கும். ஒன்பதாம் நாள் மேலே வந்து வாயைத் திறந்த என் மீன் அநேகமாக இந்த இரண்டில் ஒன்றில் மாட்டியிருக்கும்.

ஆனால் அந்த உயிர்களைத் தனியே பிரித்து வளர்க்க மட்டும் அவரால் முடியவில்லை. அக்காலத்து வழக்கப்படி ஜெலட்டின் மேல் வளர்த்துப் பார்த்தார், வளரவில்லை. 1890இல் ஸூரிக்கில் இருந்த செர்கேய் வினோகிராட்ஸ்கி முந்திக்கொண்டார். இந்த பாக்டீரியாவுக்கு ஜெலட்டின் போன்ற சத்துணவு வேண்டாம், அம்மோனியாவிலிருந்து சக்தியும் கரியமில வாயுவிலிருந்து உடம்பும் எடுத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். நாம் விருந்து வைத்தால் சாப்பிடாது, நாம் கழிப்பதைத்தான் சாப்பிடும். வாரிங்டனுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் பாதிதான் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பா தொட்டியை வைத்தார், அது ஏன் உயிரோடு இருந்தது என்பதற்குப் பாதிப் பதில்தான் அவரிடம் இருந்தது. மீதிப் பதிலை மகன் வயல் மண்ணில் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தங்கமீன்களை அவர் அப்போது நினைத்துப் பார்த்தாரா? 1867இலேயே அப்பா இறந்துவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரியவந்தது. 2015இல் இரண்டு கட்டத்தையும் தனியாகவே செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் அறிவித்தன. அதில் ஒரு குழு நெதர்லாந்தின் நைமேகனில் இருந்தது. அதற்கு அது கிடைத்த இடம் மீன் வளர்க்கும் தொட்டியோடு இணைந்த ஃபில்டர்.

மிச்சமிருந்த மூன்று மீன்களில் ஒன்று மறுவாரம் போனது. அதற்குப் பிறகு சோதனை மருந்து வாங்கினேன். குழாயில் தொட்டித் தண்ணீர், சில சொட்டு மருந்து, ஐந்து நிமிடம். நைட்ரைட் ஊதா காட்டிய நாளெல்லாம் கால்வாசித் தண்ணீரை மாற்றி, தீனியைக் குறைத்தேன். ஸ்பாஞ்சைத் தொடவில்லை. முப்பத்தாறாம் நாள் அம்மோனியா மஞ்சள், நைட்ரைட் வான்நீலம்: இரண்டும் பூஜ்யம். கடைக்குப் போய் ஆறு மீன் கேட்டேன். அங்கிள் நாலுதான் பிடித்துக் கொடுத்தார். "மெல்ல, மெல்ல" என்றார்.

இப்போது மாதம் ஒருமுறை ஸ்பாஞ்சை அலசுகிறேன், தொட்டியிலிருந்தே எடுத்த ஒரு வாளித் தண்ணீரில், இரண்டு பிழி மட்டும். வாளியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் மிஞ்சும். நைட்ரேட் நிறைந்த தண்ணீர், ரோத்தம்ஸ்டட்காரர் மண்ணில் தேடியது. அதைக் கொண்டுபோய்ப் பின்வாசல் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறேன். போன வாரம் வந்திருந்த அப்பா தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, கண்ணாடியின் ஓரத்தில் படர்ந்திருந்த பாசியைக் காட்டி, "அதத் தொடைக்காத" என்றார்.