'டேபிள்' என்றால் எடுப்பதா, தள்ளுவதா? ஆபீஸ் ஆங்கிலத்தின் இடியம், ஃப்ரேசல் வெர்ப் குழப்பத்தைச் சமாளிப்பது எப்படி?

மதியம் 3 மணிக்கு லண்டன் கிளையன்ட்டுடன் கால். ஒரு விஷயத்தில் பேச்சு இழுக்கிறது. அவர் "லெட்ஸ் டேபிள் திஸ்" என்கிறார். இரவு 8 மணிக்கு நியூயார்க் கால். அங்கிருப்பவரும் அதே மூன்று சொற்களைச் சொல்கிறார்.

லண்டன்காரர் சொன்னதன் பொருள், 'இதை இப்போதே விவாதத்துக்கு எடுப்போம்.' நியூயார்க்காரர் சொன்னதன் பொருள், 'இதை இப்போதைக்குத் தள்ளி வைப்போம்.' இரண்டுக்கும் ஒரே பதிலை அனுப்பினால், ஒரு கிளையன்ட் நிச்சயம் கடுப்பாவார்.

இது ஆங்கிலம் தெரியாதவர்களின் பிரச்னை மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ அதிகாரிகள் இதே சொல்லால் நீண்ட நேரம் வாக்குவாதம் செய்ததாக வின்ஸ்டன் சர்ச்சில் தன் போர் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். இரு தரப்பும் விரும்பியது ஒன்றேதான் என்பது பிறகே தெரிந்ததாம்.

பள்ளி, கல்லூரியில் கிராமர் படித்திருக்கிறோம். மெயில் எழுதுகிறோம், பிரசன்டேஷன் கொடுக்கிறோம். பிறகு எங்கே இடிக்கிறது? இடியம், ஃப்ரேசல் வெர்ப், ஸ்லாங், பழமொழி ஆகிய நான்கு இடங்களில்தான்.

புரியாமல் போனால் அப்படி என்ன ஆகிவிடும்?

பெரும்பாலும் ஒரு அசட்டுச் சிரிப்போடு முடிந்துவிடும். ஆனால் சில நேரம் உயிரே போயிருக்கிறது.

1951 ஏப்ரல், கொரியப் போர். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷையர் படைப்பிரிவைப் பல மடங்கு பெரிய சீனப் படை சூழ்ந்துகொண்டது. நிலைமையைக் கேட்ட அமெரிக்க மேலதிகாரியிடம், பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிரோடி "திங்ஸ் ஆர் எ பிட் ஸ்டிக்கி" என்று சொன்னதாகப் பதிவுகள் கூறுகின்றன. அடக்கிப் பேசும் பிரிட்டிஷ் வழக்கில் அதன் அர்த்தம் 'நிலைமை மிக மோசம்'. அமெரிக்கரோ 'கொஞ்சம் சிரமம், சமாளிக்கிறார்கள்' என்று எடுத்துக்கொண்டார். பின்வாங்கும் உத்தரவு உரிய நேரத்தில் வரவில்லை. 500-க்கும் மேற்பட்ட வீரர்கள் சிறைபிடிக்கப்பட்டனர்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃப் தீவு. மூடுபனியில் ஓடுபாதையில் நின்ற கேஎல்எம் விமானத்திலிருந்து "வி ஆர் நவ் அட் டேக் ஆஃப்" என்று செய்தி போனது. விமானம் அப்போது புறப்பட்டு ஓடத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டு அறையோ, 'புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறது' என்று புரிந்துகொண்டது. அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானத்தோடு மோதியதில் 583 பேர் இறந்தனர். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அதன் பிறகு 'டேக் ஆஃப்' என்ற சொல்லை, புறப்பட அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற விதி வந்தது. மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்றுதான் சொல்ல வேண்டும்.

1990 ஜனவரி 25, நியூயார்க். கொலம்பியாவின் ஏவியாங்கா விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் காத்திருந்தது. துணை விமானி "வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ஃபியூயல்" என்று சொன்னார். 'எமர்ஜென்சி' என்ற சொல்லை மட்டும் சொல்லவே இல்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தனர்.

இந்தக் கதையில் இந்தியாவும் உண்டு. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி, கஜகஸ்தான் விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்தனர். கஜகஸ்தான் விமானக் குழுவின் ஆங்கிலத் திறன் குறைவும் ஒரு காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டது. சர்வதேச விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் ஆங்கிலத் திறன் தேர்வு கட்டாயமானதில் இந்த விபத்துக்கு முக்கியப் பங்குண்டு.

ஃப்ரேசல் வெர்ப் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும். ஆனால் 'புட் அப் வித்' என்றால் 'பொறுத்துக்கொள்' என்று எந்தச் சொல்லிலிருந்தும் கண்டுபிடிக்க முடியாது. வினையோடு ஒரு சின்ன ஒட்டு சேர்ந்ததும் புதிய பொருள் பிறந்துவிடுகிறது. 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரைப் பரப்பியது லோகன் பியர்சால் ஸ்மித் 1925-ல் எழுதிய நூல். பெயர்தான் புதுசு, பழக்கம் பல நூற்றாண்டு பழசு.

இதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. தமிழிலும் இதே விளையாட்டு இருக்கு. 'மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்' என்கிறோம். அவன் எதையும் வாங்கவும் இல்லை, கட்டவும் இல்லை. 'எழுதித் தள்ளினாள்' என்றால் யாரையும் தள்ளவில்லை. 'கம்பி நீட்டிவிட்டான்' என்பதைத் தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவரிடம் சொல்லிப் பாருங்கள். நாம் 'புட் அப் வித்' முன்னால் விழிக்கிற மாதிரியே அவரும் விழிப்பார்.

மொத்தம் எத்தனை கற்க வேண்டும்?

இங்கேதான் நல்ல செய்தி. அகராதிகளில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், புழக்கத்தில் திரும்பத் திரும்ப வருபவை கொஞ்சம்தான்.

10 கோடி சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொற்தொகுப்பை டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் அலசி, 2007-ல் முடிவுகளை வெளியிட்டனர். அதில் 5.18 லட்சம் இடங்களில் ஃப்ரேசல் வெர்ப் வந்திருந்தது. அதாவது ஏறத்தாழ 200 சொற்களுக்கு ஒன்று. அவற்றில் பாதிக்கும் மேல், வெறும் 20 வினைகள் 8 ஒட்டுகளோடு சேர்ந்து உருவானவை. கோ, கம், டேக், கெட், செட், புட் போல நமக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரிந்த சொற்கள்தான்.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, பொருளில். அதிகம் புழங்கும் 100 ஃப்ரேசல் வெர்ப்களுக்கு மொத்தம் 559 பொருள்கள் என்று அதே ஆய்வு கணக்கிட்டது. 'பிக் அப்' ஒன்றையே எடுங்கள். கீழே கிடப்பதை எடுப்பது, ஏர்போர்ட்டில் ஆளை அழைத்து வருவது, போனை எடுப்பது, மொழியைப் போகிறபோக்கில் கற்றுக்கொள்வது, விற்பனை சூடுபிடிப்பது என எல்லாவற்றுக்கும் அதேதான்.

2015-ல் மெலனி கார்னியர், நார்பர்ட் ஷ்மிட் இருவரும் இதற்கொரு வழி சொன்னார்கள். அதிகம் புழங்கும் 150 ஃப்ரேசல் வெர்ப்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் அடிக்கடி வரும் பொருளை மட்டும் பட்டியலிட்டார்கள். சராசரியாக ஒன்றுக்கு இரண்டு பொருள் போதும் என்று தெரிந்தது. அதாவது சுமார் 300 பொருள்கள். ஒரு நாளைக்கு இரண்டு என்றால் ஐந்தே மாதம்.

ஒட்டைப் பார்த்தே ஊகிக்க முடியுமா?

எப்போதும் முடியாது. ஆனால் பல நேரம் கைகொடுக்கும்.

• அப்: முழுவதுமாக முடிப்பது. 'யூஸ் அப்' என்றால் மிச்சமில்லாமல் செலவழிப்பது. தமிழில் 'தின்று தீர்த்தான்' என்பதில் 'தீர்' செய்யும் வேலையை இங்கே 'அப்' செய்கிறது.

• ஆஃப்: விலகல், துண்டிப்பு. 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. 'கால் ஆஃப்' என்றால் ரத்து செய்வது. மீட்டிங் புட் ஆஃப் ஆனால் வேறு நாளில் உண்டு, கால் ஆஃப் ஆனால் கிடையாது.

• ஆன்: தொடர்வது. 'கேரி ஆன்', 'கீப் ஆன்', 'கோ ஆன்' எல்லாமே தமிழின் 'கொண்டிரு' போலத்தான்.

• அவுட்: இரண்டு வேலை. ஒன்று, மறைந்திருப்பது வெளியே வருவது: 'ஃபைண்ட் அவுட்', 'ஃபிகர் அவுட்'. இன்னொன்று, தீர்ந்துபோவது: 'ரன் அவுட்', 'செல் அவுட்'.

இன்னொரு விதியும் முக்கியம். 'டர்ன் டவுன் த ஆஃபர்', 'டர்ன் த ஆஃபர் டவுன்' இரண்டுமே சரி. ஆனால் பொருளைச் சொல்லாமல் 'இட்' போட்டால், அது நடுவில்தான் உட்கார வேண்டும்: 'டர்ன் இட் டவுன்'. 'டர்ன் டவுன் இட்' தவறு. 'லுக் ஆஃப்டர்' போன்றவை பிரியாது, அங்கே 'லுக் ஆஃப்டர் இட்' மட்டுமே. எது பிரியும், எது பிரியாது என்பதை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகியவற்றின் கற்போருக்கான அகராதிகள் காட்டிவிடும். இணையத்தில் இவற்றை இலவசமாகவே பார்க்கலாம்.

நம் ஊர் ஆங்கிலம் தப்பா?

தப்பில்லை. 'பிரிப்போன்' ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலேயே இடம்பெற்ற சொல். 'டூ த நீட்ஃபுல்' பழைய பிரிட்டிஷ் கடிதங்களில் இருந்ததுதான். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை. ஆனால் இந்தியாவுக்கு வெளியே போகும் மெயிலில் சில சொற்கள் வேறு அர்த்தம் தரும்:

• ஐ வில் ரிவர்ட்: நமக்கு 'பதில் தருகிறேன்'. வெளிநாட்டு டெவலப்பருக்கு 'மாற்றியதைப் பழைய நிலைக்கே கொண்டுபோகிறேன்'. கோடு பற்றிய மெயிலில் இது வம்பு. 'ஐ வில் கெட் பேக் டு யூ' என்று எழுதுங்கள்.

• ஐ பாஸ்டு அவுட் இன் 2019: நமக்குப் படிப்பை முடித்தது. அவர்களுக்கு மயங்கி விழுந்தது. 'கிராஜுவேட்டட்' பாதுகாப்பு.

• ஐ ஹேவ் எ டவுட்: நமக்கு ஒரு கேள்வி. அவர்களுக்கு உங்கள் பேச்சில் நம்பிக்கை இல்லை என்பது. 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' போதும்.

• கோப் அப் வித்: இதில் 'அப்' வேண்டாம், 'கோப் வித்' தான். 'டிஸ்கஸ் அபவுட்' என்பதிலும் 'அபவுட்' வேண்டாம்.

இடியம்களை மனதில் நிறுத்துவது எப்படி?

எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மறக்காது. அமெரிக்க ஆபீஸ் பேச்சில் பாதி பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது. 'பால்பார்க் ஃபிகர்' என்றால் குத்துமதிப்பான தொகை. 'கர்வ்பால்' என்றால் எதிர்பாராத சிக்கல். 'டச் பேஸ்' என்றால் சுருக்கமாகப் பேசிக்கொள்வது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நமக்குப் பழகிய கிரிக்கெட் இருக்கு. 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் இக்கட்டான நிலை. ஆனால் 'ஹிட் ஃபார் சிக்ஸ்' என்று சிகாகோக்காரரிடம் சொல்லும்முன் யோசியுங்கள். அவர் கிரிக்கெட்டே பார்த்திருக்க மாட்டார்.

பழமொழிகளில் ஒரு தந்திரம் உண்டு. ஆங்கிலேயர்கள் பாதியைத்தான் சொல்வார்கள். "வெல், வென் இன் ரோம்..." என்று நிறுத்திவிடுவார்கள். மீதி, 'ரோமானியர்கள் செய்வதைச் செய்' என்பதை நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். 'யானைக்கு ஒரு காலம் வந்தால்...' என்று நாம் இழுத்துவிட்டு நிறுத்துவதும் இப்படித்தானே? 'லுக் பிஃபோர் யூ லீப்' என்பதற்கு நம்மிடம் 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' இருக்கு. இப்படி ஜோடி சேர்த்துப் படித்தால் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்லாங்கைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: காதுக்கு, வாய்க்கு அல்ல. 2023-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆண்டின் சொல்லாகத் தேர்வு செய்தது 'ரிஸ்'. அடுத்தவரைக் கவரும் திறமைக்கு இளசுகள் வைத்த பெயர். 2024-ல் 'பிரெயின் ராட்'. கேட்டால் புரிய வேண்டும். அப்ரைசல் மெயிலில் எழுத வேண்டாம்.

சரி, நாளையிலிருந்து என்ன செய்வது?

1. பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் மெயில்களிலும் கால்களிலும் புரியாமல் போனதைக் குறித்து வையுங்கள். உங்கள் வேலைக்குத் தேவையான பட்டியல் அதுதான்.

2. சொல்லைத் தனியாக எழுதாமல், வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். யார் சொன்னார், எந்த நாட்டுக்காரர் என்பதையும் சேருங்கள்.

3. முதலில் புரிந்துகொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள். பேசுவது தானாக வரும். மூன்று முறையாவது மற்றவர் வாயில் கேட்ட பிறகு பயன்படுத்துங்கள்.

4. சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். "ஜஸ்ட் டு கன்ஃபர்ம், டு யூ மீன் டுடே ஆர் நெக்ஸ்ட் வீக்?" என்று கேட்பதில் எந்த அவமானமும் இல்லை. 'டேபிள்' குழப்பம் இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும்.

5. பணம், தேதி, பொறுப்பு, ஆபத்து ஆகிய நான்கையும் பற்றி எழுதும்போது இடியமே வேண்டாம். 'திங்ஸ் ஆர் எ பிட் டைட்' என்று எழுதாதீர்கள். 'வியாழக்கிழமைக்குள் முடியாது, இரண்டு நாள் கூடுதலாக வேண்டும்' என்பதை நேரடி ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு தகவல். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆங்கிலத் திறன் அளவுகோலில் ஆறு நிலைகள் உண்டு. விமானம் ஓட்ட நான்காம் நிலை போதும். இடியம்களைச் சரளமாகப் பயன்படுத்துவது ஆறாம் நிலைக்கான தகுதி. நான்காம் நிலைக்குக் கேட்கப்படுவது வேறு: புரியாதபோது சரிபார்க்கவும், உறுதிப்படுத்தவும், விளக்கம் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த காலில் 'லெட்ஸ் டேபிள் திஸ்' காதில் விழும்போது உங்களுக்குத் தேவையானதும் அந்த நான்காம் நிலைதான்.