அதிர்ஷ்ட கோல் அல்ல அது!

1975 மார்ச் 15. கோலாலம்பூர். உலகக் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம். இந்தியாவும் பாகிஸ்தானும் ஆளுக்கொரு கோல் போட்டு சமநிலையில் இருந்தபோது, 51ஆவது நிமிடத்தில் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் மூலையில் பட்டு வெளியே வந்துவிட்டது. கோலா, இல்லையா? இல்லவே இல்லை என்று பாகிஸ்தான் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மலேசிய நடுவர் விஜயநாதன் கோல் என்று கை காட்டியவர், அதை மாற்றிக்கொள்ளவில்லை. பந்து முழுவதுமாகக் கோட்டைத் தாண்டிவிட்டால் போதும், பிறகு அது திரும்பி வந்தாலும் கோல்தான். இந்தியா 2-1 என்று வென்றது. 2023 வரை நடந்த 15 உலகக் கோப்பைகளில் இந்தியாவுக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அசோக் குமார் வேறு யாருமல்ல, தியான் சந்தின் மகன். இந்திய ஹாக்கி என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது மந்திரம் போட்டதுபோல் மட்டையோடு ஒட்டிக்கொண்டு போகும் பந்து, நான்கு பேரை ஏமாற்றிவிட்டு அடிக்கும் கோல். ஆனால் ஒரே உலகக் கோப்பையைத் தந்தது, கம்பத்தில் பட்டு வெளியே ஓடி வந்த பந்து!

பார்க்க அழகில்லாத கோல்களுக்கு ஹாக்கியில் பஞ்சமே இல்லை. அவற்றில் முக்கியமானவை இரண்டு வகை. கோல் கீப்பர் தடுத்துத் திரும்பி வரும் பந்தைப் பாய்ந்து உள்ளே தள்ளுவது ஒன்று (ரீபவுண்ட்). வேறொருவர் அடித்த பந்து போகிற வழியில் மட்டையை நீட்டி, திசையை மட்டும் மாற்றிவிடுவது இன்னொன்று (டிஃப்ளெக்‌ஷன்). இரண்டையும் "அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஹாக்கியின் வரலாற்றைப் புரட்டினால் அது அதிர்ஷ்டம் அல்ல, ஒரு தனி வேலை என்பது தெரியும். அந்த வேலையை உருவாக்கியவை விதிகள்தான்.

ஓடி வந்தவர்கள்

முதல் காரணம் ஹாக்கிக்கே உரிய ஒரு விதி. கோலைச் சுற்றி 14.63 மீட்டர் தூரத்தில் போடப்பட்டிருக்கும் 'டி' வட்டத்துக்குள், தாக்கும் அணியின் மட்டை பந்தைத் தொட்டிருக்க வேண்டும். கால்பந்தில் 30 மீட்டர் தள்ளி நின்று அடித்தாலும் கோல். ஹாக்கியில் வட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்த பந்து நேராக வலைக்குள் போனால் கோல் கிடையாது! ஆனால் வழியில் சொந்த அணிக்காரர் ஒருவரின் மட்டை நுனி பட்டிருந்தால் அது கோல். அந்த நுனி பட்டதா இல்லையா என்பதில் ஒரு ஆட்டமே தீர்மானமாகும். 2013 தொடக்கத்தில் சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பு, வெளியிலிருந்து வந்த பந்து எதிரணி வீரர் மேல் பட்டு உள்ளே போனாலும் கோல் என்று மாற்றிப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பவே சில மாதங்களுக்குள் கைவிட்டுவிட்டது.

இரண்டாவது, ஆஃப்சைடு. பழைய விதிப்படி, பந்துக்கு முன்னால் போய் நிற்கும் வீரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். 1972இல் அது இரண்டு பேர் என்று ஆனது. அதாவது கோல் கீப்பரின் மூக்குக்கு நேராகப் போய் சும்மா காத்துக்கொண்டு நிற்க முடியாது. ரீபவுண்ட் கோல் அடிக்க வேண்டுமானால், தோழர் பந்தை அடிக்கும்வரை பின்னால் இருந்து, அடித்த கணத்தில் ஓடிவர வேண்டும். அந்தக் காலத்து ரீபவுண்ட் வீரர் ஓட்டக்காரர்.

இந்த விதிகளுக்குள் விளையாடிய முன்கள வீரர்களில் தமிழர்களும் உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர் வி.ஜே. பீட்டர். அவருடைய தம்பி வி.ஜே. பிலிப்ஸ், 1975 கோலாலம்பூர் அணியில் வலது ஓர வீரர்.

நின்றவர்கள்

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு வந்தது. மேடுபள்ளத்தில் துள்ளாமல் பந்து கோடு போட்டதுபோல் வந்தது. மட்டையை எந்தக் கோணத்தில் வைத்தால் பந்து எங்கே போகும் என்று கணக்குப் போட முடிந்தது. அதன்பின் கோல் கீப்பர்களின் காலுறைகளும் மாறின. பழைய பிரம்பு, கேன்வாஸ் காலுறையில் பட்ட பந்து அங்கேயே செத்து விழும். புதிய நுரைக் காலுறையில் பட்டால் வேகமாகத் தெறித்து வெளியே வரும். தெறித்து வந்த பந்துக்கு ஆள் வேண்டுமே?

அந்த ஆளுக்கு வழி திறந்தது 1990களில். ஆஃப்சைடு விதி 1996இல் சோதனையாக நீக்கப்பட்டு, 1998 முதல் நிரந்தரமாகப் போய்விட்டது. அதுவரை ஓடிவந்தவர், இப்போது கோல் வாசலிலேயே நிற்கலாம்.

ஒரு சின்ன கணக்கு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வட்டத்தின் விளிம்பிலிருந்து கிளம்பும் பந்து, கோலை அடைய அரை விநாடி ஆகும். கோல் கீப்பருக்கு அது போதும். கோலுக்கு 3 மீட்டர் முன்னால் ஒருவர் அதன் திசையை மாற்றிவிட்டால் மிஞ்சுவது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணால் பார்த்து உடல் அசையவே அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வேண்டும். கோல் கீப்பர் தோற்பது திறமைக் குறைவால் அல்ல.

ஆனால் மட்டையை நீட்டுகிறவரும் அதே வேகத்தில் வரும் பந்தைத்தான் எதிர்கொள்கிறார். பந்து முகத்தில் பட்டால் பல் போகும். பின்னால் எதிரணி வீரர் இடித்துக்கொண்டு நிற்பார். இதை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

இந்தியாவின் கணக்கு

1980 மாஸ்கோவில், சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு இந்திய ஆண்கள் அணிக்கு 41 வருடம் ஒலிம்பிக் பதக்கமே இல்லை. அதற்குக் காரணங்கள் பல. பந்தைக் கடத்திக்கொண்டு போவதில் இருந்த பெருமை, கோல் வாசலில் முட்டி மோதுவதில் இல்லாமல் போனதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ. வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஜெர்மனி 3-1 என்று முன்னிலை. பெனால்டி கார்னரில் ஹர்மன்பிரீத் சிங் அடித்ததை கோல் கீப்பர் தடுத்தார். திரும்பி வந்த பந்தை ஹர்திக் சிங் உள்ளே அடித்தார். ஆட்டம் அங்கேதான் திரும்பியது. 5-4 என்று முடிந்தது. அதே ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். மூன்றுமே கோலுக்கு மிக அருகிலிருந்து வந்தவை. 2024 பாரிஸ் அரையிறுதியில் ஹர்மன்பிரீத் அடித்த பந்தின் திசையை சுக்ஜீத் சிங் மாற்றிவிட்டதில்தான் ஜெர்மனிக்கு எதிராக 2-2 ஆனது. (கடைசியில் இந்தியா 3-2 என்று தோற்றது வேறு கதை.)

தமிழ்நாட்டுப் பக்கம் வருவோம். அரியலூரைச் சேர்ந்த முன்கள வீரர் கார்த்தி செல்வம், கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர். 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டார். அவரோடு அதே அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். கோவில்பட்டியில் செயற்கைத் தரை உண்டு. ஆனால் நம்முடைய பெரும்பாலான ஊர்களில் பையன்களும் பெண்பிள்ளைகளும் விளையாடுவது மண் தரையில்தான். மண்ணில் பந்தைக் கடத்தக் கற்றுக்கொள்ளலாம். வேகமாக வரும் பந்தின் வழியில் மட்டையை வைத்துப் பழக முடியாது, கல்லில் பட்டு எங்கே எகிறும் என்று யாருக்கும் தெரியாது. கோல் வாசலில் நிற்கும் கலை, தரை இருக்கும் ஊருக்கே சொந்தமாகிவிடுகிறது. திறமை இல்லாததால் அல்ல, தரை இல்லாததால் இழக்கும் வீரர்கள் எத்தனை பேரோ!

அடுத்த முறை ஹாக்கி பார்க்கும்போது, பெனால்டி கார்னரில் பந்தை அடிப்பவரை விட்டுவிட்டு, இடது கம்பத்துக்குப் பக்கத்தில் குனிந்து மட்டையைத் தரையோடு வைத்திருப்பவரைக் கவனியுங்கள். பத்தில் எட்டு முறை பந்து அவர் பக்கம் வராமலே போகலாம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவர் அங்கே ஓடிப் போய் நிற்பார்.