முழுதளாவிய மாறி (இணையச் செயலிகள்)

முழுதளாவிய மாறி என்பது ஒரு நிரலின் எப்பகுதியிலிருந்தும் படிக்கவும் மாற்றவும் கூடிய மாறி ஆகும். தரவுத்தளத்தின் பெயர், கடவுச்சொல், இடைமுக மொழி முதலிய அமைப்புகள் இணையச் செயலியின் பல வகுப்புகளுக்குத் தேவைப்படுவதால், அவற்றை இத்தகைய மாறிகளில் இடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆயினும் ஒரு வகுப்பு எவற்றைச் சார்ந்துள்ளது என்பதை அதன் ஆக்கியைப் பார்த்து அறிய இயலாது. மதிப்பை மாற்றிய வரி எது எனக் கண்டறிவதும் கடினம். திண்டுக்கல் பூட்டே ஆனாலும் சாவியை வாசற்படியில் வைத்தால் பயனில்லை அல்லவா?

அமைப்பும் நிலையும்

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். அமைப்பு, செயலி தொடங்கும்போது ஒருமுறை படிக்கப்பட்டுப் பின் மாறாதிருப்பது. நிலை, இயங்கும்போது மாறுவது. நடப்புப் பயனர் யார் என்பது இதற்கு எடுத்துக்காட்டு. உண்மையான இடர் நிலையில்தான் உள்ளது.

வழக்கமான பிஎச்பி வழங்கிகளில் ஒவ்வொரு கோரிக்கையும் புதிய மாறிகளுடன் தொடங்கி, முடிந்ததும் அவை அழிக்கப்படும். ஜாவா வழங்கியிலோ ஒரே செயல்முறை பல கோரிக்கைகளை இழைகளாக ஒரே நேரத்தில் நிறைவேற்றுகிறது. அங்கு பயனர் பெயரை ஒரு நிலைத்த மாறியில் இட்டால், திண்டுக்கல்லில் ஒருவரும் பழனியில் ஒருவரும் ஒரே நொடியில் பயணச்சீட்டு பதியும்போது ஒருவரது பெயர் மற்றவரது சீட்டில் அச்சாகக்கூடும். தனியொருவர் சோதித்துப் பார்க்கையில் இப்பிழை வெளிப்படாது.

மாற்று வழிகள்

ஒரு வகுப்புக்கு ஒரே பொருளை மட்டும் உருவாக்கும் ஒற்றைப்பொருள் பாங்கு, 1994இல் நால்வர் எழுதிய வடிவமைப்புப் பாங்குகள் நூலால் பரவியது. அதன் வழியே மாறும் தரவைப் பகிர்ந்தால், அது வேறு உடை அணிந்த முழுதளாவிய மாறியே. தேவையான பொருளை ஆக்கி வழியாக வெளியிலிருந்து அளிப்பது சார்பு உட்செலுத்தல் எனப்படும். மார்ட்டின் பவுலர் 2004இல் எழுதிய கட்டுரை இதனைப் பரவலாக அறியச் செய்தது. சோதனையின்போது உண்மைத் தரவுத்தளத்துக்குப் பதிலாகப் போலி ஒன்றை அளிக்க இயல்வது இதன் பெரும் பயன்.

மீடியாவிக்கியில்

தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் பிஎச்பியில் எழுதப்பட்டது. இதன் முழுதளாவிய மாறிகள் ‘டபிள்யூஜி’ என்னும் முன்னொட்டுடன் தொடங்கும். ‘லோக்கல்செட்டிங்ஸ்’ கோப்பில் மொழிக் குறியீட்டு மாறிக்கு ‘டிஏ’ என மதிப்பளித்தால் தளம் தமிழில் தோன்றும். இதுவரை சிக்கல் இல்லை. நடப்புப் பயனரையும் இவ்வாறே ஒரு மாறியில் வைத்திருந்ததுதான் தொல்லையாயிற்று. பின்னணியில் ஓடும் பணிகளுக்கு ‘நடப்புப் பயனர்’ என ஒருவரும் இல்லை.

2011இல் வெளியான 1.18 பதிப்பில் கோரிக்கைச் சூழலுக்கெனத் தனி வகுப்பும், 2016இன் 1.27 பதிப்பில் சேவைப் பொருள்களை ஒன்றுதிரட்டும் கொள்கலமும் சேர்க்கப்பட்டன. பயனர் மாறி 2020இன் 1.35 பதிப்பில்தான் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான நீட்சிகள் சார்ந்திருக்கும் ஒன்றை அகற்ற அத்தனை காலம் பிடிக்கிறது. அமைப்புக் கோப்பில் பழைய முன்னொட்டு மாறிகள் தொடர்கின்றன.