முத்திரைத்தாளில் ஒரு புனிதர்

1852 பிப்ரவரி 8. பியத்மொந்து நாட்டின் தலைநகரான தூரினில், நாற்பது சென்டெசிமி மதிப்புள்ள முத்திரைத்தாள் ஒன்றில் நான்கு பேர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள். ஒருவர் தச்சுப் பட்டறை நடத்திய ஜுசெப்பே பெர்த்தொலினோ. இன்னொருவன் அவரிடம் தொழில் பழகப் போகும் மொந்தோவி ஊர்ப் பையன், ஜுசெப்பே ஒதாஸ்ஸோ. மூன்றாமவர் பையனின் தகப்பனார். நான்காமவர் ஜான் போஸ்கோ என்ற கத்தோலிக்கக் குரு. இப்படி ஒரு தாளில் அந்தக் குருவுக்கு என்ன வேலை?

அதற்குப் பதில் பத்தாண்டு பின்னால் இருக்கிறது. 1841இல் குருப்பட்டம் பெற்று தூரினுக்கு வந்த போஸ்கோவை, அவருக்கு வழிகாட்டியாக இருந்த கஃபாஸ்ஸோ என்ற மூத்த குரு சிறைச்சாலைகளுக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுப் பையன்கள் அங்கே கூட்டம் கூட்டமாக அடைந்து கிடந்தார்கள். நல்ல உடற்கட்டு, கூர்மையான புத்தி, செய்ய ஒன்றுமில்லை. விடுதலையாகிப் போனவர்கள் சில நாளில் திரும்பி வந்தார்கள். வெளியே அவர்களுக்கென்று ஒருவர் இருந்தால் இப்படித் திரும்பி வருவார்களா என்ற கேள்வி அவரை விடவேயில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், பூசைக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பையனின் அலறல் கேட்டது. பூசை உதவி செய்யத் தெரியாது என்று சொன்னதற்காகக் கோவில்பிள்ளை அவனை அடித்து விரட்டிக்கொண்டிருந்தார். "அவன் என் நண்பன், கூப்பிடுங்கள்" என்றார் போஸ்கோ. வந்தவன் பர்த்தொலொமேயோ கரெல்லி, தாய் தந்தை இல்லாத கொத்து வேலைப் பையன். அவனைச் சுற்றிச் சேர்ந்த கூட்டம்தான் பிறகு 'ஒரத்தோரி' என்று பெயர் பெற்றது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி, விளையாட்டு, பாட்டு. 1846 உயிர்ப்புத் திருநாளில் வால்தொக்கோ பகுதியில் ஒரு தாழ்வான கொட்டகை அவர்களுக்குக் கிடைத்தது. சில மாதத்தில் அவருடைய தாய் மார்கரீத்தாவும் கிராமத்து வீட்டை விட்டுவிட்டு இந்தப் பிள்ளைகளுக்குச் சமைக்கவும் துணி தைக்கவும் வந்து சேர்ந்தார்.

ஞாயிறு நன்றாகத்தான் போனது. மற்ற ஆறு நாள்? போஸ்கோ வேலைத்தலங்களுக்கே போய்ப் பார்த்தார். சாரங்களின் மேலும் பட்டறைகளின் உள்ளேயும் பையன்களைத் தேடிப் போனார். தொழில் பழக வந்தவன் முதலாளி வீட்டு எடுபிடியாக இருந்தான், சுமக்க முடியாததைச் சுமந்தான், அடி வாங்கினான். பழைய தொழிற்குழுக்களை அரசு 1844இல் கலைத்துவிட்டதால் அவற்றின் கட்டுப்பாடும் இல்லை. இதெல்லாம் போஸ்கோவுக்குக் கேட்டுத் தெரிய வேண்டியதல்ல. இரண்டு வயது நிறையும் முன்பே தகப்பனை இழந்தவர் அவர். சிறுவனாக அடுத்தவர் பண்ணையில் கூலிக்கு இருந்தார். படிக்கிற காலத்தில் தையல் பழகினார், காப்பிக்கடையில் வேலை பார்த்தார்.

அந்த அனுபவம் தாளின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. தச்சர் பையனுக்குத் தொழிலை முழுமையாகக் கற்றுத்தர வேண்டும். தவறு செய்தால் அன்பான சொல்லால் மட்டும் திருத்த வேண்டும், கை ஓங்கக் கூடாது. தொழிலுக்குச் சேர்ந்த வேலையைத்தான், அதுவும் அவன் வயதுக்கும் வலுவுக்கும் தக்கதைத்தான் கொடுக்க வேண்டும். ஞாயிறும் கடன் திருநாள்களும் அவனுக்குச் சொந்தம். ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை உண்டு. கூலியும் காலம் போகப் போக உயர வேண்டும். பையன் தரப்பிலும் கடமை உண்டு: பணிவும் உழைப்பும். அவனால் வரும் சேதத்துக்குத் தகப்பன் பொறுப்பு. அவன் நடத்தையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பைக் குரு ஏற்றுக்கொண்டார்.

தொழில் பழகும் ஒப்பந்தம் போஸ்கோ கண்டுபிடித்த ஒன்றல்ல. தொழிற்குழுக்கள் காலத்திலிருந்தே ஐரோப்பாவில் அது இருந்தது. அவருடைய கையில்கூட இது முதலாவது அல்ல. மூன்று மாதம் முன்பு, 1851 நவம்பரில், கண்ணாடி வேலைக்காரர் கார்லோ அய்மினோவிடம் ஒரு பையனைச் சேர்த்தபோதும் இப்படி எழுதியிருந்தார். என்னை நிறுத்தி வைப்பது வேறொன்று. ஏழைப் பிள்ளைக்கு இரக்கம் காட்டியவர்கள் அந்தக் காலத்திலும் நிறையப் பேர். இரக்கம் காட்டுகிறவர் மனம் மாறினால் பிள்ளை என்ன செய்வான்? அடிக்காதே என்று முதலாளியைக் கெஞ்சுவதும், அடிக்க மாட்டேன் என்று அவரிடமே கையெழுத்து வாங்குவதும் ஒன்றாகுமா? அவருடைய புனிதம் என்று புதுமைகளைச் சொல்வோர் உண்டு. எனக்கு இந்தத் தாளே பெரிதாகப் படுகிறது.

ஆனாலும் தாள் மட்டும் போதவில்லை. பட்டறைகளின் கெட்ட பேச்சும் பழக்கமும் ஒப்பந்தத்துக்குள் அடங்குபவை அல்லவே. ஆகவே 1853இல் வால்தொக்கோவிலேயே செருப்புத் தைக்கவும் துணி தைக்கவும் இடம் ஒதுக்கினார். முதலில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு புத்தகம் கட்டுதல், 1856இல் தச்சு, 1860களின் தொடக்கத்தில் அச்சகமும் இரும்பு வேலையும் வந்தன. இதற்கிடையே, 1859இல், தம்மிடம் வளர்ந்த இளைஞர்களைக் கொண்டே சலேசிய சபையைத் தொடங்கினார். குருக்களோடு, பட்டறையில் கற்றுத்தரும் துறவுச் சகோதரர்களும் அதில் சமமான உறுப்பினர்கள். 1888 ஜனவரி 31 அன்று அவர் இறந்தார். 1934 உயிர்ப்புத் திருநாளன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அதற்குள் அவருடைய பிள்ளைகள் நம் மண்ணுக்கு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மயிலாப்பூர் ஆயரின் அழைப்பில், தொமாத்தீஸ் அடிகள் தலைமையில் முதல் சலேசியர் 1906 ஜனவரியில் தஞ்சாவூர் வந்தார்கள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் அந்தச் சபை நடத்தும் அச்சுத்தொழில் கல்விக்கூடத்தில் இன்றும் இளைஞர்கள் அச்சுக்கலை பயில்கிறார்கள்.